புகை அலாரத்தைக் கழற்றாமல் தாளிப்பது எப்படி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

ஸ்காபரோவில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டில் புகை அலாரம் அடித்த முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. அம்மா பருப்புக்குத் தாளிதம் போட்டார். செத்தல் மிளகாய் எண்ணெயில் கறுத்ததும் எல்லோருக்கும் தொண்டை கமறியது. அடுத்த நிமிடம் தலைக்கு மேலே மூன்று மூன்றாகக் கத்தத் தொடங்கிவிட்டது. அம்மா துவாயால் விசிறினார், நான் கதிரையில் ஏறினேன், மேலே இருந்த வீட்டுக்காரர் காலால் தரையைத் தட்டினார். கடைசியில் பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டில் இதே கதைதான். பற்றரியைக் கழற்றாதவர்கள் அலாரத்துக்குக் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிடுவார்கள். அலாரத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது பொருத்தப்பட்ட இடம் சரியில்லை, அல்லது குசினிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாத வகையாக இருக்கும். இரண்டையும் மாற்றலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கூடவே வேறு சிலவும்.

குடிபுகுந்த அன்றைக்கே

பெட்டிகளைப் பிரிக்க முன்னர் வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடவுங்கள். ஒன்ராறியோவின் தீப்பாதுகாப்பு விதிகளின்படி வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் வேலை செய்கிற புகை அலாரம் இருக்க வேண்டும். பேஸ்மென்டும் ஒரு மாடிதான். அண்மைக் காலத்தில் கட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்குள்ளும் இருக்கும். பழைய வீட்டில் இல்லையென்றாலும், கதவைப் பூட்டிவிட்டுத் தூங்குகிறவர்கள் இருந்தால் அறைக்குள் ஒன்று போடுவது நல்லது.

அப்புறம் ஒவ்வொன்றையும் அமத்திப் பாருங்கள். கதிரையில் ஏற வேண்டியதில்லை, தும்புத்தடியின் பிடியால் பொத்தானை ஒரு சில விநாடி அமத்தினால் போதும். காதைப் பிளக்கிற மாதிரி அடிக்க வேண்டும். மெல்ல முனகினால் பற்றரி போகிறது. சில வீடுகளில் ஒன்றை அமத்தினால் எல்லா மாடியிலும் சேர்ந்து அடிக்கும். இது கோளாறில்லை, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். இரவில் பேஸ்மென்டில் புகை வந்தால் மேல்மாடியில் தூங்குகிறவருக்கும் கேட்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

மூன்றாவது வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள். அலாரத்தை இடப்பக்கமாக மெல்லத் திருகினால் கழன்று வரும். பின்பக்கத்தில் செய்த திகதி அச்சிட்டிருக்கும். அந்தத் திகதியிலிருந்து 10 ஆண்டு கடந்திருந்தால், அமத்தும்போது நன்றாக அடித்தாலும், அதை மாற்றத்தான் வேண்டும். பொத்தான் காட்டுவது பற்றரியும் மின்சுற்றும் ஒலியும் சரியா என்பதைத்தான். உள்ளே புகையை உணரும் பகுதி வயதாகி மந்தமாவதை அது முழுதாகச் சொல்லாது. திகதியே இல்லாத, மஞ்சளாகிப்போன அலாரம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வாடகை வீடென்றால் அலாரம் போடுவதும் அதைப் பராமரிப்பதும் வீட்டுக்காரரின் கடமை. ஆண்டுக்கு ஒருமுறையும், குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் அவர் சோதிக்க வேண்டும். பராமரிப்பது எப்படி என்ற குறிப்பையும் உங்களிடம் தர வேண்டும். உங்கள் பங்குக்கு, அது வேலை செய்யவில்லையென்றால் உடனே அவருக்குச் சொல்ல வேண்டும். கழற்றிவைப்பது யார் செய்தாலும் குற்றம், தண்டப்பணம் வரும். சொல்வதை வாயால் சொல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள்: "ஹோலில் உள்ள புகை அலாரம் அடிக்கவில்லை, பின்னால் 2012 என்று இருக்கிறது, மாற்றித் தாருங்கள்." படம் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். "பார்ப்பம், பார்ப்பம்" என்று இழுத்தால் ரொறன்ரோவில் மாநகர சேவை எண்ணான 311 ஐ அழைத்துச் சொல்லலாம். தெரிந்த ஆளாச்சே, எங்கட ஆளாச்சே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அலாரம் ஒன்றின் விலை ஒரு குடும்பம் ஒருமுறை வெளியே போய்க் கொத்துரொட்டி சாப்பிடுகிற காசுதான். அதற்காக யாரும் பகைத்துக்கொள்ளப் போவதில்லை.

சமையலுக்கு ஏன் அடிக்கிறது

கடைகளில் கிடைக்கும் அலாரங்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று அயனாக்க வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறு அளவில் இருக்கும். அது காற்றில் உண்டாக்கும் மின்னோட்டத்தைப் புகை குழப்பியதும் அடிக்கும். பெட்டிக்குள் இருக்கும்வரை அதனால் உங்களுக்குத் தீங்கில்லை. கடதாசி, துணி என்று சட்டென்று சுவாலையாக எரிவதை இது விரைவில் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களையும் பிடிப்பதால் தாளிதத்துக்கும், ரோஸ்டரில் பாண் கருகுவதற்கும் முதலில் கத்துவதும் இதுதான்.

மற்றது ஒளியுணர் வகை, பெட்டியில் 'ஃபோட்டோஇலெக்ட்ரிக்' என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு ஒளிக்கற்றை போகும், புகை வந்து ஒளியைச் சிதறடித்தால் அடிக்கும். சோபாவுக்குள் விழுந்த சிகரெட் மாதிரி, சுவாலையில்லாமல் நெடுநேரம் கனன்று புகைகிற தீயை இது முந்திப் பிடிக்கும். சமையல் புகைக்கு வீணாக அடிப்பது குறைவு. ஆகவே குசினிக்குக் கிட்ட ஒளியுணர் வகையைப் போடுங்கள். படுக்கையறைப் பக்கத்துக்கு இரண்டும் சேர்ந்த கலப்பு வகை கிடைக்கிறது. எதை வாங்கினாலும் கனடாவில் பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யூஎல்சி (ULC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் மலிவாக வருவதில் அது இல்லாமலும் இருக்கும்.

இனி இடம். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர், அதாவது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கும் சூடான காற்று வரும் துளைக்கும் நேரே வேண்டாம். நீராவிக்கும் அது அடிக்கும், காற்று வீசினால் புகை அதனிடம் வந்துசேராமலும் போகும். கூரையில் என்றால் சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையிலிருந்து 4 அங்குலமாவது விலக்க வேண்டும், அந்த மூலைக்குப் புகை பிந்தித்தான் வரும். சுவரில் என்றால் கூரையிலிருந்து 4 முதல் 12 அங்குலத்துக்குள். சிறிய பேஸ்மென்டில் 10 அடி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எங்களுக்கும் கிடைக்கவில்லை. அதனால் இடத்தை முடிந்த அளவு தள்ளி, வகையையும் மாற்றினோம். அதன்பிறகு தாளிதத்துக்கு அடித்தது ஆண்டில் இரண்டு முறை இருக்கும்.

கரண்டில் இணைத்த அலாரத்தை நீங்களாக இடம் மாற்றக் கூடாது, அதற்கு மின்வேலை தெரிந்த ஆள் வேண்டும். உள்ள இடத்திலேயே ஒளியுணர் வகையாக மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பெரும்பாலான புது அலாரங்களில் தற்காலிகமாக அடக்கும் வசதி உண்டு. அடிக்கும்போது பொத்தானை ஒருமுறை அமத்தினால் சில நிமிடம் சத்தம் நிற்கும், பிறகு தானாகவே காவலுக்குத் திரும்பிவிடும். இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பற்றரி லாச்சிக்குள் போயிருக்காது.

தாளிக்கிற முறையையும் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் புகைபோக்கி விசிறியைப் போட்டு, யன்னலை ஒரு விரல் திறந்துவிட்டு, பிறகு தாச்சியை வையுங்கள். ஆனால் பல அப்பார்ட்மென்டுகளில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே அனுப்பாது, ஒரு வடிகட்டிக்குள்ளால் இழுத்துத் திரும்பக் குசினிக்குள்ளேயே விடும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பிசுக்கே தீப்பிடிக்கும் பொருள்தான்.

கொண்டோவிலோ மாடிக் கட்டடத்திலோ இருப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: சமையல் புகை வந்தால் பால்கனிக் கதவைத் திறவுங்கள், நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கும் அலாரம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் அடிக்கும். நடைபாதையில் இருப்பது முழுக் கட்டடத்துக்குமானது. உங்கள் மீன்பொரியல் புகை அங்கே போனால் இருபது மாடியும் படியிறங்கும், தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும்.

இரவு மூன்று மணிக்கு ஒரு 'கீச்'

அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை ஒற்றையாய்க் கீச்சிட்டால் அது தீ இல்லை, பற்றரி குறைகிறது. பெரும்பாலும் இது நடுச்சாமத்தில்தான் தொடங்கும். குளிரில் பற்றரியின் வலு இறங்கும், வீடு ஆகக் குளிர்ந்திருப்பதும் அந்த நேரத்தில்தான். புதுப் பற்றரி போட்டும் கீச்சிட்டால் பின்னால் உள்ள திகதியைப் பாருங்கள், ஆயுள் முடிந்தாலும் அப்படித்தான் சொல்லும். கரண்டில் இணைத்தவற்றிலும் பெரும்பாலும் உள்ளே ஒரு பற்றரி இருக்கும், கரண்ட் போனால் அதுதான் காவல். 10 ஆண்டுக்கு மூடி ஒட்டிய லிதியம் பற்றரியோடு வருபவற்றில் பற்றரியை மாற்ற முடியாது, முழுதாகவே மாற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை அமத்திப் பார்ப்பது போதும். எங்கள் வீட்டில் வாடகை கட்டும் முதலாம் திகதி அதற்கும் சேர்த்துத்தான். பற்றரி மாற்றுவதற்கு, மணிக்கூட்டை முன்னும் பின்னும் தள்ளும் இரண்டு நாள்களை, மார்ச்சில் இரண்டாவது ஞாயிறையும் நவம்பரில் முதல் ஞாயிறையும், நினைவில் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே தூசி உறிஞ்சியின் மென்தூரிகையால் அலாரத்தைச் சுற்றித் துடைத்துவிடுங்கள். தூசியும் சிறுபூச்சியும் உள்ளே போனாலும் வீணாக அடிக்கும். அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம், தெளிப்பான் எதையும் அடிக்க வேண்டாம். ஊதுபத்தி கொளுத்திக் கீழே காட்டிச் சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், பொத்தான் இருக்கும்போது அது எதற்கு?

மணமில்லாத வாயு

ஊரில் எங்களுக்குப் பழக்கமில்லாதது இது. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீர் சுடவைக்கும் தாங்கி, எரிவாயு நெருப்பிடம் இவற்றில் எரிதல் சரியாக நடக்காவிட்டாலோ புகைக்குழாய் அடைபட்டாலோ கார்பன் மோனொக்சைட் வீட்டுக்குள் தங்கும். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று காய்ச்சல் மாதிரித் தொடங்கும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் எரிவாயு நெருப்பிடத்தின் குழாய் அடைபட்டதில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்தது. இந்த வாயுவைக் கண்டறியும் அலாரத்தை இங்கே கட்டாயமாக்கிய சட்டம் அவர்களின் குடும்பப் பெயரைத் தாங்கி 2013 இல் வந்தது.

எரிபொருள் கருவியோ நெருப்பிடமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கையறைகளுக்கு அருகில் இந்த அலாரம் வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். புகைக்கு மூன்று மூன்றாக அடிக்கும், இதற்கு நாலு நாலாக அடிக்கும். பிள்ளைகளோடு ஒருமுறை எண்ணிப் பழகுங்கள். நாலு கேட்டால் யன்னலைத் திறந்து காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியேறி அவசர உதவி எண்ணான 911 ஐ அழையுங்கள். பனிநாளில் காரைக் கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடாக்குவதும், பார்பிக்யூவைக் கராஜுக்குள் வைத்துச் சுடுவதும் ஒருபோதும் கூடாது, கதவு திறந்திருந்தாலும்தான்.

தாச்சியில் தீப்பிடித்தால்

வீட்டுத் தீ பலமுறை குசினியில்தான் தொடங்குகிறது, அதிலும் அடுப்பை விட்டுவிட்டு ஃபோனுக்குப் போனபோது. இங்கே வந்த புதிதில் மின்னடுப்பு ஒரு பொறி. எரிவாயு அடுப்பை நிறுத்தினால் சுவாலை போய்விடும், கண்ணுக்குத் தெரியும். மின்னடுப்பின் சுருளோ கண்ணாடியோ நிறுத்திய பிறகும் கறுப்பாக இருந்துகொண்டே சுடும். அதன்மேல் பிளாஸ்டிக் தட்டையும் மாப்பையையும் வைத்துவிட்டு, மணம் வந்த பிறகு ஓடிவருகிறவர்கள் ஏராளம்.

வடை சுடும்போது தாச்சிக்குச் சரியான ஒரு மூடியைப் பக்கத்திலேயே வையுங்கள். எண்ணெயிலிருந்து மெல்லிய புகை எழும்பினால் சூடு மிஞ்சிவிட்டது, அடுப்பை நிறுத்துங்கள். தீப்பிடித்தே விட்டால்:

1. மூடியை உங்கள் பக்கத்திலிருந்து அப்பால் சறுக்கி மூடுங்கள்.
2. அடுப்பை நிறுத்துங்கள்.
3. தாச்சியைத் தூக்காதீர்கள், ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

தண்ணீர் வேண்டாம். எரியும் எண்ணெயின் அடியில் போன தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தீயோடு கூரைவரை எறியும். அவணுக்குள் தீயென்றால் கதவைத் திறக்காமல் நிறுத்திவிடுங்கள். மூடி கிடைக்காமல் தீ தாச்சியை விட்டு வெளியே வந்தால் அணைக்கப் பார்க்காமல் வெளியேறுங்கள்.

விளக்கீடும் சாம்பிராணியும்

கார்த்திகை விளக்கீட்டுக்கு இங்கே முற்றமில்லை. மரத்தாலான டெக்கிலும் கம்பளம் விரித்த படியிலும் சிட்டி விளக்கை வைக்கிறோம். ஒரு அலுமினியத் தட்டில் மணலைப் பரப்பி அதன்மேல் வையுங்கள், திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டராவது விலக்குங்கள், ஆள் இல்லாமல் எரியவிட வேண்டாம். தூங்கப் போகும்போது சாமியறை விளக்கையும் அமர்த்திவிடலாம், சுவாமி கோபிக்க மாட்டார். சாம்பிராணிக்கு அலாரம் அடிக்கும், யன்னலைத் திறந்துவிட்டுக் காட்டுங்கள். சுள்ளென்று எரியும் கரித்துண்டைக் குப்பைப் பையில் போடாமல் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

துணி உலர்த்தியின் பஞ்சுத் தட்டை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். மின்சூடாக்கியை நீட்டிப்பு வயரில் செருக வேண்டாம். மின்சைக்கிள் பற்றரியை வாசல் கதவருகே வைத்துச் சார்ஜ் பண்ண வேண்டாம், அது தீப்பிடித்தால் வெளியே போகும் வழியும் சேர்ந்து போய்விடும்.

வெளியே போகும் வழி

இந்தக் காலத்துச் சோபாவும் மெத்தையும் செயற்கைப் பொருள், எரியும்போது கறுத்த நச்சுப்புகை விடும். அலாரம் அடித்ததிலிருந்து வெளியேற இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே ஒவ்வோர் அறையிலிருந்தும் இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கதவு, மற்றது பெரும்பாலும் யன்னல்.

பேஸ்மென்டில் இருப்பவர்கள் பகலில் ஒருநாள் உண்மையாகவே அந்த யன்னலைத் திறந்து ஏறிப் பாருங்கள். எங்களுடையது பெயின்டில் ஒட்டி அசையவே இல்லை. அது திறந்த பிறகும் வெளியே உள்ள குழியில் பனி நிறைந்திருந்தது. ஒரு ஆள் நுழைய முடியாத யன்னல் என்றால் அதை வழி என்று எண்ணாதீர்கள். அந்த அறையில் யாரையும் படுக்கவைக்க வேண்டாம், வீட்டுக்காரரோடு பேசுங்கள்.

தூங்கும்போது அறைக்கதவைச் சாத்திவிடுங்கள். சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் நல்ல நேரம் தடுத்துவைக்கும். அலாரம் அடித்தால் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் மற்ற வழி. புகைக்குள் போக வேண்டியிருந்தால் தவழுங்கள், நல்ல காற்று தரையோடு இருக்கும். சிறுபிள்ளைகள் பலர் அலாரத்துக்கு எழும்ப மாட்டார்கள், அவர்களை எழுப்பும் பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். காது மந்தமான அம்மம்மாவுக்கு வழமையான கீச்சுச் சத்தம் கேட்காமல் போகலாம். அவர்களுக்கென்று தாழ்ந்த சுருதியில் அடிப்பவையும், படுக்கையை அதிரவைப்பவையும் இருக்கின்றன. மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேண்டாம், படிதான். படியிலும் நடைபாதையிலும் புகை நிறைந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பி, கதவிடுக்கை நனைத்த துவாயால் அடைத்து, பால்கனியிலோ யன்னலிலோ நின்று 911 இல் உங்கள் மாடியையும் வீட்டிலக்கத்தையும் சொல்லுங்கள்.

வெளியே கூடும் இடம் ஒன்று வேண்டும். எங்களுடையது பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி. எல்லோரும் அங்கே வந்தால்தான் உள்ளே யாருமில்லை என்று தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லலாம். வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது, பாஸ்போர்ட்டுக்கும் தாலிக்கொடிக்கும்கூட.

911 ஐ அழைத்தால் பொலிஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்று முதலில் கேட்பார்கள். "ஃபயர்" என்று சொல்லிவிட்டு முகவரி. ஆங்கிலம் வராத பெரியவர்கள் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கைபேசியிலிருந்து அழைத்தால் நீங்கள் பேஸ்மென்டில் இருக்கிறீர்களா, எத்தனையாம் இலக்கம் என்பது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. முகவரியை ஆங்கில உச்சரிப்பிலேயே தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை சொல்லாமல் அலாரத்தை அமத்துங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் அம்மா சால்வையைத் தேடி, கைப்பையைத் தேடி, அடுப்பில் பால் இருக்கிறதா என்று பார்த்து, நாலு நிமிடம் கழித்துத் தபால்பெட்டிக்கு வந்தார். "உண்மையான நெருப்பெண்டால் ஓடி வந்திருப்பன்" என்றார். அடுத்த மாதம் மறுபடி அமத்தினோம். சால்வை இல்லாமல், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, ஒன்றரை நிமிடத்தில் எங்களுக்கு முன்னால் நின்றார்.